சைக்கிள் ஹப்புக்கு வீட்டிலேயே கிரீஸ் வைக்க, முதல் தேவை கோன் ஸ்பேனர்

முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் முனையை விரலால் பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றினால் ஒரு வேலையும் இல்லை, அப்படியே மாட்டிவிடலாம். மணலை அரைப்பதுபோல விரலில் நறநறவென்று தெரிந்தால் ஹப்பை, அதாவது அச்சு ஓடும் சக்கரத்தின் நடுப்பகுதியை, பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

இங்கே சொல்வது கோனும் குண்டும் உள்ள ஹப்புக்கு. கோன் என்பது அச்சில் திருகியிருக்கும் கூம்பு வடிவ நட், அதைச் சுற்றித்தான் குண்டுகள் ஓடும். குண்டுகளை உள்ளே வைத்து மூடிய சீல் பேரிங் உள்ள ஹப்பை இப்படிப் பிரிக்க முடியாது.

கோனில் ஸ்பேனர் பிடிப்பதற்கென்று இருக்கும் இடம் மிகக் குறுகலானது. சாதாரண ஸ்பேனர் அதற்குள் நுழையாது. கோன் ஸ்பேனரின் தடிமன் சுமார் 2 மி.மீ.தான். பெரும்பாலும் முன் ஹப்புக்கு 13, பின் ஹப்புக்கு 15 மி.மீ. அளவு பொருந்தும், ஆனாலும் அளந்து பார்த்து வாங்குங்கள். ஒன்று போதாது, ஒரே அளவில் இரண்டு வேண்டும். கட்டிங் பிளேயரால் சமாளிக்கலாம் என்று நான் ஒருமுறை முயன்று கோனின் விளிம்பை மழுக்கிவிட்டேன். அந்தக் கோனை மாற்றத்தான் வேண்டியிருந்தது.

கோன் நகராமல் வெளிப்பக்கம் பூட்டும் லாக் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போதும். அப்புறம் பேரிங் கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி, ஒரு தட்டு. மண்ணெண்ணெய் பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

1. ஒரு பக்கத்தை மட்டும் பிரியுங்கள். கோனை மெல்லிய ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லாக் நட்டை இடப்பக்கமாகத் திருப்புங்கள். கழற்றிய நட், வாஷர், கோன் மூன்றையும் அதே வரிசையில் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

2. சக்கரத்தைத் தட்டின்மேல் பிடித்தபடி அச்சை உருவுங்கள். குண்டுகள் விழும். இரு பக்கத்தையும் தனித்தனியாக எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 9 என்பது வழக்கம்.

3. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடையுங்கள். குண்டு ஓடும் தடத்தில் பளபளப்பான கோடு மட்டும் இருந்தால் நல்லது. சந்தேகம் இருந்தால் பால்பாயின்ட் பேனா முனையைத் தடத்தின்மேல் மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய குழியில்கூட முனை தட்டும். கோனில் குழி இருந்தால் கோனை மாற்றுங்கள். குண்டுகளை எப்படியும் புதிதாகவே போடுங்கள்.

4. கப்பில், அதாவது ஹப்பினுள் குண்டுகள் உட்காரும் கிண்ணத்தில், தாராளமாக கிரீஸ் வைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாக அதில் பதியுங்கள். கிரீஸே விழாமல் பிடித்துக்கொள்ளும். அச்சை நுழைத்துக் கோனை விரலால் திருகுங்கள்.

5. பொறுமை வேண்டியது இங்கேதான். கோன் குண்டில் தொட்டதும் ஒரு நூலளவு பின்னுக்குத் திருப்பி, அது நகராமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். லாக் நட் இறுகும்போது கோனும் கொஞ்சம் உள்ளே போகும், அதனால் முதல் தடவையில் சரியாக அமைவது அபூர்வம். அச்சு இறுக்கமாகச் சுற்றுகிறதா? இரு பக்கக் கோன்களிலும் ஒவ்வொரு கோன் ஸ்பேனரை மாட்டி, இரண்டையும் கழற்றும் திசையில் மிகக் கொஞ்சம் திருப்புங்கள். இதற்காகத்தான் இரண்டு வாங்கச் சொன்னேன். அச்சு ஆடுகிறதா? லாக் நட்டைத் தளர்த்திக் கோனைத் துளி உள்ளே அனுப்பி மறுபடி இறுக்குங்கள். நான்கைந்து தடவை ஆனாலும் அலுக்காமல் செய்யுங்கள். இறுக்கம் அதிகமானால் புதுக் குண்டும் கோனும் சீக்கிரமே அரிபடும்.

நட்டுக்குப் பதில் லீவரால் பூட்டும் குயிக் ரிலீஸ் சக்கரம் என்றால் துளி ஆட்டத்தை விட்டுவையுங்கள். லீவரை மடக்கும்போது அச்சு அழுந்தி அந்த ஆட்டம் மறைந்துவிடும். நட்டால் பூட்டும் சக்கரத்தில் ஆட்டமே கூடாது.

சக்கரத்தை மாட்டி, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இல்லையா? சரி, பிரேக் உரசாதபடி பார்த்துக்கொண்டு முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை லேசாகச் சுற்றிவிடுங்கள். வேகம் குறைந்ததும் சட்டென்று நிற்காமல், கனமான பக்கம் கீழே வந்து ஊஞ்சல்போல இப்படியும் அப்படியும் ஆடி மெதுவாக நிற்க வேண்டும்.