ஒரே பால் இரண்டு தடவை கணக்கில் ஏறாமல்: கிளவுட் தரவுக் களஞ்சியத்தில் இரட்டைப் பதிவுகளை நீக்கும் முறை

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளிப் பிரிவுகளில் பால் சேகரிக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நிலையத்தில் இருப்பவர் பாலை அளந்து, பண்ணையாளர் இலக்கத்தையும் லீற்றரையும் கொழுப்பு வீதத்தையும் கைபேசிச் செயலியில் பதிந்து அனுப்புகிறார். பதிவு சேர்வருக்குப் போய்ச் சேர்கிறது. 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வருவதற்குள் சிக்னல் அறுந்துவிடுகிறது. பதில் வராததால் செயலி அதையே மறுபடி அனுப்புகிறது. செயலி செய்தது சரிதான். அனுப்பாமல் விட்டால் அந்தப் பால் கணக்கிலேயே வராது. ஆனால் எல்லாப் பதிவுகளும் சேரும் கிளவுட் தரவுக் களஞ்சியத்தில் 6 லீற்றர் இப்போது 12 லீற்றர்.

இதைத் துப்புரவாக்கத் தொடங்குமுன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரட்டைப் பதிவு ஒன்று தப்பி உள்ளே போனால் சங்கத்துக்கு நட்டம். அதை அடுத்த கிழமை கண்டுபிடித்துத் திருத்தலாம். உண்மையான பதிவு 'இரட்டை' என்று நீக்கப்பட்டால் பண்ணையாளரின் காசு போகும், அது போனதே ஒருவருக்கும் தெரியாது. அதனால் சந்தேகமான நிரையை (அட்டவணையின் கிடைவரியை) நீக்காதீர்கள், தனி அட்டவணையில் ஒதுக்கி வையுங்கள். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியை வைத்தே எழுதப்பட்டவை.

எது இரட்டை?

மூன்று வேறு விடயங்களை மக்கள் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். ஒரே நிகழ்வு மறுபடி அனுப்பப்பட்டது ஒன்று. ஒரே நிகழ்வு, ஆனால் லீற்றர் திருத்தப்பட்டு வந்தது இன்னொன்று. இதில் புதியது நிற்க வேண்டும், பழையது வரலாறாகப் போக வேண்டும். ஒரே ஆள் இரண்டு பண்ணையாளர் இலக்கங்களில் இருப்பது மூன்றாவது. முதல் இரண்டும் தரவை ஏற்றும்போதே தீரும். மூன்றாவதை ஏற்றும் வேலையோடு கலக்கவே கூடாது.

ஒத்த நிரைகளில் ஒன்றை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்ட்' போட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைப்பவர்கள் பலர். அது எல்லா நிரலும் (அட்டவணையின் நெடுவரியும்) எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே வேலை செய்யும். சேர்வர் பெற்ற நேரம் ஒரு வினாடி மாறினாலும் இரண்டும் நிற்கும்.

சாவி எங்கே பிறக்க வேண்டும்

சாவி என்பது ஒரு பதிவை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். நல்ல சாவி கைபேசியிலேயே பிறக்கும். 'சேமி' அழுத்திய கணத்தில் செயலி ஒரு யூயூஐடி (வேறெந்தப் பதிவுக்கும் வராத அடையாள இலக்கம்) உருவாக்கி, பதிவோடு சேர்த்து கைபேசியில் எழுதிவைக்க வேண்டும். எத்தனை தடவை அனுப்பினாலும் அதே இலக்கம்தான் போக வேண்டும். வழக்கமாக நடக்கும் பிழை, இலக்கத்தை அனுப்பும் கணத்தில் உருவாக்குவது. அப்போது ஒவ்வொரு மறுஅனுப்புதலும் புதுப் பதிவாகத் தோன்றும், களஞ்சியத்தில் என்ன செய்தாலும் பிடிபடாது.

செயலியை மாற்ற முடியாத இடத்தில், பதிவின் உள்ளடக்கத்திலிருந்தே சாவி செய்ய வேண்டும்: நிலையக் குறியீடு, பண்ணையாளர் இலக்கம், இலங்கைத் திகதி, காலையா மாலையா, அந்த வேளையின் எத்தனையாவது அளவீடு. கடைசி நிரலை விட்டுவிடாதீர்கள். ஒருவர் ஒரே காலையில் இரண்டு கானில் 4.5 லீற்றர் வீதம் கொண்டுவந்தால், தொடர் இலக்கம் இல்லாமல் இரண்டாவது கான் இரட்டையாகிவிடும். தொடர் இலக்கம் மூலத்திலேயே இல்லையென்றால், அப்படி ஒத்துப்போகும் நிரைகளை ஒதுக்கி வைத்து நிலையத்தின் கொப்பியோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நிரல்களை ஒட்டி ஹாஷ் (எழுத்துச் சரத்தை ஒரு குறுகிய அடையாளமாக்கும் கணிப்பு) எடுக்கும்போது நடுவில் ஒரு பிரிகுறி வையுங்கள், நிமிர்கோடு போதும். இல்லாவிட்டால் நிலையம் 12, பண்ணையாளர் 3 என்பதும் நிலையம் 1, பண்ணையாளர் 23 என்பதும் ஒரே '123' ஆகும். இணைக்கும் நிரல்களில் ஒன்று 'நல்' (பெறுமானமே இல்லாத வெற்றிடம்) ஆக இருந்தால் முழுச் சாவியும் நல் ஆகிவிடலாம். 'கோலெஸ்' சார்பைக் கொண்டு அதற்கு ஒரு நிலையான எழுத்தைக் கொடுங்கள். ஏற்றிய நேரம், கோப்பின் பெயர் போன்றவை ஹாஷுக்குள் போகவே கூடாது.

விடிய 5.30 இல் உள்ள பொறி

களஞ்சியங்கள் நேரத்தைப் பெரும்பாலும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், வைக்கும். இலங்கை நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே. ஆகவே செவ்வாய் விடிய 5.15க்கு அளந்த பால் யூடிசியில் திங்கள் இரவு 11.45 ஆகும். திங்கள் விடிய 5.40க்கு அளந்தது யூடிசியில் திங்கள் 00.10. இரண்டுக்கும் திகதி திங்கள், வேளை காலை, ஆள் ஒருவர், முதலாவது அளவீடு. யூடிசித் திகதியைச் சாவியில் வைத்தவருக்கு இவை இரண்டும் 'இரட்டை'. ஒரு நாள் பால் காணாமல் போகும். பகலில் மட்டும் நடக்கும் வேலைகளில் இது வெளியே தெரியாது. பால் விடியவே வருவதால் இங்கே கட்டாயம் கடிக்கும். திகதியைப் பிரிக்குமுன் நேரத்தை 'ஏசியா கொழும்பு' வலயத்துக்கு மாற்றுங்கள். அந்தத் திகதியைத் தனி நிரலாகச் சேமித்து, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

களஞ்சியம் தானாகத் தடுக்காது

ஒரு நிரலைப் பிரைமரி கீ (ஒரே பெறுமானம் இரண்டு தடவை வரக்கூடாத முதன்மைச் சாவி) என்று அறிவித்துவிட்டால் இரட்டை நுழையாது என்பது வழக்கமான தரவுத்தளங்களில் வந்த பழக்கம். கிளவுட் களஞ்சியச் சேவைகளான கூகுளின் பிக்குவெரியிலும் அமேசனின் ரெட்ஷிஃப்டிலும் ஸ்னோஃப்ளேக்கின் வழமையான அட்டவணைகளிலும் அந்த அறிவிப்பு வெறும் தகவல்தான். மீறினாலும் நிரை உள்ளே போகும். ரெட்ஷிஃப்டிலும் பிக்குவெரியிலும் இன்னும் மோசம். அவற்றின் வினவல் திட்டமிடி அந்த அறிவிப்பை நம்பி வேலையைச் சுருக்கும், ஆகவே உண்மையில் இரட்டை இருந்தால் விடையே பிழையாக வரலாம். உறுதியில்லாமல் அங்கே சாவி அறிவிக்காதீர்கள்.

ஒரே கோப்பு இரண்டு தடவை ஏறுவதைத் தடுப்பதிலும் மூன்றும் மூன்று விதம். ஸ்னோஃப்ளேக்கின் ஏற்றும் கட்டளையான 'கொப்பி இன்டூ' எந்தக் கோப்பை ஏற்றியது என்பதை 64 நாள் நினைவில் வைத்திருக்கும், கோப்பு வந்தவுடன் தானாக ஏற்றும் அதன் ஸ்னோபைப் 14 நாள். ஆனால் அதே உள்ளடக்கம் வேறு பெயரில் வந்தால் புதுக் கோப்பு என்றே எடுக்கும். 'ஃபோர்ஸ்' விருப்பத்தைப் போட்டால் நினைவையே பார்க்காது. பிக்குவெரியில் ஒரே கோப்பைச் சேர்ப்பு முறையில் இரண்டு தடவை ஏற்றினால் இரண்டு தடவையும் ஏறும். ஏற்றும் வேலையின் ஜொப் ஐடியைக் கோப்பின் பெயரிலிருந்து நீங்களே செய்து கொடுத்தால் இரண்டாவது முயற்சி நிராகரிக்கப்படும். ரெட்ஷிஃப்டின் சாதாரண 'கொப்பி' கட்டளை எதையும் நினைவில் வைக்காது, ஆகவே ஏற்றிய கோப்புகளின் பட்டியலை நீங்களே ஓர் அட்டவணையில் வைக்க வேண்டும். பிக்குவெரிக்குக் கோப்பில்லாமல் நேரடியாக அனுப்புபவர்கள், பழைய முறையில் நிரையோடு அனுப்பும் 'இன்சேர்ட் ஐடி' அடையாளம் முடிந்தவரை மட்டுமே இரட்டையை நீக்கும், அதுவும் சிறிது நேரத்துக்குள் வந்தால்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். உறுதி வேண்டுமானால் புதிய முறையான ஸ்டோரேஜ் ரைட் ஏபிஐயில் ஓஃப்செட்டோடு (தொடரில் எத்தனையாவது நிரை என்ற இலக்கத்தோடு) எழுதுங்கள்.

இடைத்தங்கல் அட்டவணையும் மேர்ஜும்

முதன்மை அட்டவணைக்குள் நேரே ஏற்ற வேண்டாம். ஸ்டேஜிங் எனப்படும் ஓர் இடைத்தங்கல் அட்டவணையில் எல்லா நிரலையும் எழுத்துச் சரமாகவே இறக்குங்கள். கூடவே கோப்பின் பெயர், கோப்புக்குள் நிரையின் இலக்கம், ஏற்றிய நேரம் ஆகிய மூன்றையும் சேருங்கள். பிழை வரும் நாளில் எந்தக் கோப்பின் எந்த நிரை என்று கை வைத்துக் காட்ட இதுதான் உதவும்.

அடுத்து, இந்தத் தொகுதிக்குள் இருக்கும் இரட்டைகளை நீக்குங்கள். ஒவ்வொரு குழுவின் நிரைகளுக்கும் 1, 2, 3 என இலக்கமிடும் 'ரோ நம்பர்' சார்பை எடுத்து, குழுவைப் பிரிக்கும் 'பார்ட்டிஷன் பை' இடத்தில் சாவியையும் வரிசையைச் சொல்லும் 'ஓர்டர் பை' இடத்தில் திருத்தப் பதிப்பு இலக்கத்தை (பதிவு எத்தனையாவது தடவை திருத்தப்பட்டது என்பதை) இறங்குவரிசையில் முதலாவதாகவும், சேர்வர் பெற்ற நேரத்தை இரண்டாவதாகவும், கோப்பின் பெயரையும் நிரை இலக்கத்தையும் கடைசியாகவும் கொடுங்கள். 1 கிடைத்த நிரை மட்டும் போகும். மூன்று களஞ்சியங்களிலும் அந்த 1 ஐ நேரே வடிகட்டும் 'குவாலிஃபை' இருப்பதால் உள்வினவல் (வினவலுக்குள் இன்னொரு வினவல்) தேவையில்லை. கடைசி நிரல்கள் எதற்கென்றால், நேரம் சமமாக இருந்தால் எது வெல்லும் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறக்கூடாது. கைபேசியின் கடிகாரத்தை வரிசைக்கு நம்பாதீர்கள். பற்றரி செத்து எழும்பிய கைபேசி எந்த ஆண்டையும் காட்டலாம்.

பிறகு, இந்த நிரைகளை முதன்மை அட்டவணையோடு இணைக்கும் 'மேர்ஜ்' கட்டளை. சாவி ஒத்து, வந்த பதிப்பு இருப்பதை விடப் புதிதாக இருந்தால் மட்டும் மாற்று. சாவி இல்லையென்றால் சேர். 'புதிதாக இருந்தால்' என்ற நிபந்தனையை விட்டால், பழைய கோப்பொன்றை மறுபடி ஓட்டும் நாளில் திருத்திய லீற்றர்கள் பழைய பிழைக்கே திரும்பிவிடும்.

மேர்ஜில் மூன்று இடத்தில் வழுக்கும். தொகுதிக்குள் இரட்டை நீக்காமல் ஓட்டினால், ஒரே நிரையை இரண்டு நிரைகள் மாற்றப் பார்க்கின்றன என்று பிக்குவெரி பிழை சொல்லும், ஸ்னோஃப்ளேக்கும் அதன் வழமையான அமைப்பில் சொல்லும். ஆனால் சாவி முதன்மை அட்டவணையில் இன்னும் இல்லையென்றால் பிழையே வராது, இரண்டு நிரையும் அமைதியாகச் சேரும். முதல் நாள் ஏற்றத்தில்தான் இப்படி இரட்டை குவியும். அடுத்தது நல் சாவி: நல் இன்னொரு நல்லுக்குச் சமமாகாது, ஆகவே சாவியற்ற நிரை ஒவ்வோர் ஓட்டத்திலும் புதிதாகச் சேரும். அவற்றை மேர்ஜுக்கு முன்னரே ஒதுக்குங்கள்.

மூன்றாவது, செலவைக் குறைக்கப் போய் வருவது. பிக்குவெரி படித்த அளவுக்குக் காசு எடுப்பதால், முதன்மை அட்டவணையின் கடைசி 3 நாளை மட்டும் பார் என்று வரம்பு வைப்பார்கள். பூநகரியில் ஒரு கைபேசி 10 நாள் இணைப்பில்லாமல் இருந்து, முன்னரே ஒரு தடவை அனுப்பியதை மறுபடி அனுப்பினால், பழைய நிரை வரம்புக்கு வெளியே இருக்கும். மேர்ஜ் அதைக் காணாமல் இன்னொன்றைச் சேர்க்கும். வரம்பை நாள்கணக்கில் வைக்காமல், இந்தத் தொகுதியில் உள்ள மிகப் பழைய திகதியிலிருந்து வையுங்கள். அதை முதலில் தனியாகக் கணித்து, மேர்ஜுக்கு மாறாப் பெறுமானமாகக் கொடுங்கள். உள்வினவலாகக் கொடுத்தால் முழு அட்டவணையும் படிக்கப்படும்.

ஒரே ஆள், இரண்டு இலக்கம்

அடையாள அட்டை இலக்கத்தை ஒப்பிடுமுன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பழையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 முதல் வருவது 12 இலக்கம். பழையதை மாற்ற, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாவது இடத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிடுங்கள். பெண்களுக்கு நாள் இலக்கத்தில் 500 கூட்டியிருக்கும். அதைத் தொட வேண்டாம். எக்ஸலில் திறந்து சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பென்றால் 12 இலக்கங்கள் அடுக்குக்குறி வடிவத்துக்குச் சுருங்கி, பின்பகுதி நிரந்தரமாகப் போயிருக்கும், பலர் ஒரே இலக்கத்தில் தெரிவார்கள். அந்தக் கோப்பை நிராகரித்து மூலத்தைக் கேளுங்கள். தொலைபேசி இலக்கத்தில் முன் 0 விழுந்திருந்தாலும் 94 சேர்ந்திருந்தாலும் கடைசி 9 இலக்கம் போதும்.

தமிழ்ப் பெயர்களில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கும். 'கொ' வின் ஒலிக்குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் வரலாம். யுனிகோடின் என்எஃப்சி ஒழுங்குபடுத்தல் இதைச் சரியாக்கும். 'ஸ்ரீ' ஐ அது சரியாக்காது: முதலெழுத்து ஸ ஆகவும் ஶ ஆகவும் இரு விதமாக எழுதப்படுகிறது. 'ஔ' வும், ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டதும் அப்படித்தான். இவற்றுக்கு நீங்களே மாற்று விதி எழுத வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை யுனிகோடாக்காமல் ஏற்றவே வேண்டாம்.

இத்தனை செய்த பிறகும் பெயரும் ஊரும் ஒத்திருப்பது ஒரே ஆள் என்பதற்குச் சாட்சியல்ல. தந்தை பெயரின் முதலெழுத்தோடு 'சிவகுமார்' என்று ஒரே ஊரில் மூன்று பேர் இருக்கலாம். அட்டை இலக்கம் ஒத்தால் மட்டும், எந்த இலக்கம் எதற்குச் சமம் என்று ஓர் இணைப்பு அட்டவணையில் எழுதுங்கள். பால் நிரைகளைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே புகுந்தவை

எல்லா நிரலும் ஒத்த இரண்டு நிரைகளில் ஒன்றை மட்டும் 'டிலீட்' கட்டளைக்குக் காட்ட வழியில்லை; இரண்டும் போய்விடும். ஆகவே முதலில் அட்டவணையின் பிரதி எடுங்கள். பிறகு ரோ நம்பர் 1 ஆன நிரைகளால் புது அட்டவணை செய்து, சரிபார்த்த பின் பெயரை மாற்றுங்கள். அட்டவணையின் பழைய நிலையைப் பின்னோக்கிப் பார்க்கும் வசதி பிக்குவெரியில் வழமையாக 7 நாள், ஸ்னோஃப்ளேக்கில் வழமையாக 1 நாள்தான். அதை மட்டும் நம்பிப் பிரதி எடுக்காமல் விடாதீர்கள்.

சரிபார்ப்பு இரண்டு எண்களில் முடியும். புது அட்டவணையின் நிரை எண்ணிக்கை, பழையதில் இருந்த வேறுபட்ட சாவிகளின் எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும். மொத்த லீற்றரில் குறைந்தது, நீக்கிய நிரைகளின் லீற்றர் கூட்டுத்தொகைக்குச் சமமாக வேண்டும். நீக்கியவற்றை நிலையவாரியாகப் பிரித்தும் பாருங்கள்: ஒரே நிலையத்தில் காலைப் பால் மட்டும் அதிகமாக விழுந்திருந்தால், அது அநேகமாக மறுஅனுப்புதல் அல்ல, திகதிப் பிழை. கொடுப்பனவுக் கணக்கு ஓடுமுன் ஒவ்வொரு தடவையும் ஒன்றுக்கு மேல் வரும் சாவிகளையும், சாவியற்ற நிரைகளையும், ஒதுக்கி வைத்தவற்றையும் எண்ணுங்கள். முதல் இரண்டும் 0 ஆக வேண்டும். மூன்றாவதை நிலையத்தின் கொப்பியோடு ஒப்பிட்டு முடித்த பின்னரே கணக்கை ஓட விடுங்கள்.