பேக்கப் எடுக்காத போனில் படங்கள் அழிந்துவிட்டனவா? பதற்றத்தில் செய்யக் கூடாதவை

போனிலிருந்து படங்களோ வாட்ஸ்அப் உரையாடல்களோ காணாமல் போனதும் பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம், ப்ளே ஸ்டோரில் 'ரெக்கவரி' என்று தேடி, மேலே வந்து நிற்கும் செயலியை நிறுவுவதுதான். எஞ்சியிருக்கும் கொஞ்ச நஞ்ச வாய்ப்பையும் கெடுக்கிற காரியம் அது. புதிதாக நிறுவும் செயலி, அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே போய் உட்காரக்கூடும். அது 'மீட்டுத் தந்ததாக'க் காட்டும் நூற்றுக்கணக்கான படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை கேலரி முன்னோட்டத்துக்காகச் சேமித்து வைத்த மங்கலான சிறுபடங்கள். மற்றவை அழியாமல் ஏற்கெனவே போனில் இருப்பவை. அதைக் காட்டித்தான் சந்தா கேட்கிறார்கள்.

பழைய கணினிகளின் ஹார்ட் டிஸ்க்கில் அழித்த கோப்பு, வேறொன்று மேலே எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் போனிலும் எதையும் மீட்டுவிடலாம் என்று நம்புகிறோம். போனில் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு 4.3 வெளிவந்த 2013 முதலே, போன் பயன்பாட்டில் இல்லாத நேரத்தில், பெரும்பாலும் இரவில் சார்ஜில் கிடக்கும்போது, 'ட்ரிம்' என்ற பராமரிப்பு வேலை நடக்கிறது. காலி என்று குறித்த இடங்களை நினைவகம் உண்மையாகவே துடைத்துவிடலாம் என்ற அனுமதி அது. ஆகவே 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவதும் இழப்பே.

இதோடு குறியாக்கமும், அதாவது திறவுகோல் இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பதும், சேர்ந்துகொள்கிறது. 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், புதிதாக விற்பனைக்கு வரும் போன்களில் கோப்புவாரியான குறியாக்கம் கட்டாயம். ஐபோனில் அதற்கும் முன்பிருந்தே தரவு முழுவதும் குறியாக்கப்பட்டுத்தான் இருக்கிறது. போனை வாங்கிய நிலைக்கே திருப்பும் ஃபேக்டரி ரீசெட் செய்தால் அந்தத் திறவுகோலே அழிந்துவிடும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் படிக்க முடியாது. 'ரீசெட் போட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னால், தரவு வேண்டுமென்றால் போனை அவர் கையில் கொடுக்காதீர்கள்.

கணினியில் ஓடும் மீட்பு மென்பொருள்கள் பல, போனை 'ரூட்' செய்ய, அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுக்க, சொல்லும். இன்றைய போன்களில் ரூட் செய்ய, போனை இயக்கத் தொடங்கும் பூட்டிய நிரலான பூட்லோடரை முதலில் திறக்க வேண்டும். பூட்லோடரைத் திறந்தால் போனில் உள்ள எல்லாத் தரவும் அழியும். இதைச் சொல்லாமலே பணம் வாங்கிக்கொள்ளும் மென்பொருள்கள் இருக்கின்றன என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற விஷயம்.

ஆகவே அழிந்த கோப்பைத் தோண்டி எடுக்கப் போராடுவதை விட்டுவிட்டு, அதன் நகல் வேறெங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். மீண்டும் கிடைக்கும் படங்களில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைக்கிறது. ஐபோனிலும் சாம்சங் கேலரியிலும் நீக்கிய படங்கள் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். கூகுள் போட்டோஸில், மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏறியிருந்த படம் என்றால் 60 நாள். 'இடம் போதவில்லை' என்று போன் கெஞ்சுகிறதே என்று இந்த நேரத்தில் குப்பைத்தொட்டியைக் காலி செய்துவிடாதீர்கள்.

'நான் பேக்கப்பே எடுக்கவில்லை' என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி: போன் வாங்கியபோது கடையில் யாராவது ஜிமெயில் கணக்கு உருவாக்கிக் கொடுத்தார்களா? நம் ஊரில் இது சர்வசாதாரணம். உரிமையாளருக்கே தெரியாமல் படங்களும் தொடர்பு எண்களும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கலாம். போனின் அமைப்புகளில் 'கணக்குகள்' பகுதியைத் திறந்து, அங்கே உள்ள ஒவ்வொரு முகவரியாலும் வேறொரு கணினியில் நுழைந்து கூகுள் போட்டோஸையும் கூகுள் கான்டாக்ட்ஸையும் பாருங்கள். அழித்த தொடர்பு எண்கள் அங்கேயும் 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

வாட்ஸ்அப் விஷயத்தில் அவசரமே எதிரி. உரையாடல் அழிந்ததும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். பொறுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் பேக்கப் இல்லாவிட்டாலும், வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணி வாக்கில் போனுக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து வைக்கிறது. பொதுவாகக் கடைசி ஏழு நாள் நகல்கள் இருக்கும். ஃபைல் மேனேஜரில் வாட்ஸ்அப் கோப்புறைக்குள் 'டேட்டாபேசஸ்' என்ற உள்கோப்புறையில் அவை தேதியிட்ட பெயர்களோடு கிடக்கும். செயலியைத் தொடுவதற்கு முன் அந்தக் கோப்புறை முழுவதையும் கணினிக்கு நகலெடுத்துவிடுங்கள். பிறகு அதே எண்ணில் மறுபடி நிறுவும்போது 'மீட்டெடு' என்று கேட்கும். பலர் அந்த இடத்தில்தான் 'தவிர்' என்பதை அழுத்திவிடுகிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: நேற்றைய நகலை மீட்டால், அதற்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும். முக்கியமானவற்றை முதலில் வேறொருவருக்கு அனுப்பி வையுங்கள். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் இணைத்திருந்தால் அங்கேயும் பாருங்கள். போன் 14 நாள் இணையத்துக்கு வராவிட்டால் அந்த இணைப்பு தானாகவே அறுந்துவிடும். தொலைந்த கல்யாணப் படம் உங்களிடம் இல்லாவிட்டாலும், குடும்பக் குழுவில் இருக்கும் சித்தப்பாவின் போனில் இருக்கலாம். கூச்சப்படாமல் கேளுங்கள்.

படங்கள் மெமரி கார்டில் இருந்திருந்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு, ஏனென்றால் சாதாரணமாகப் பயன்படுத்தும் கார்டில் குறியாக்கம் இருக்காது. போனை அணைத்துக் கார்டைக் கழற்றுங்கள். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்டு ரீடரில் செருகி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஓட்டினால் பல படங்கள் திரும்பும். மீட்டவற்றை அதே கார்டில் சேமித்தால் எஞ்சியவை அழியும். கணினியில்தான் சேமிக்க வேண்டும்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைப்பதை விட்டுவிடுங்கள். அரிசித் துகள் போனைக் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. அணைத்துவிட வேண்டும், சார்ஜில் போடவே கூடாது. திரை உடைந்த போனில் தரவு பத்திரமாகவே இருக்கிறது. தொடுதிரை மட்டும் போயிருந்தால், பல ஆண்ட்ராய்டு போன்களில், சார்ஜ் துளையில் மாட்டும் ஓடிஜி இணைப்பியில் மவுஸைச் செருகியே பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் நகலெடுக்கலாம். உயிரே இல்லாத போனைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்கும்போது, 'போன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தரவு வேண்டும். சாஃப்ட்வேர் ஏற்றாதீர்கள், போர்டை மாற்றாதீர்கள்' என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். நினைவகச் சில்லை மட்டும் பெயர்த்தெடுத்துப் படிக்கலாம் என்பது இன்றைய போன்களில் நடக்காது. திறவுகோல் அதே போர்டில் உள்ள பிராசஸரோடு பிணைந்திருக்கிறது.

'வீட்டிலிருந்தே மீட்டுத் தருகிறோம்' என்று சொல்லித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்பவர்களும், ஓடிபி கேட்பவர்களும் மோசடிக்காரர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இறந்துபோனவரின் போன் என்றால் கடவுச்சொல்லை ஊகித்து ஊகித்து அழுத்தாதீர்கள். ஐபோனில் தொடர்ந்து பத்து முறை தவறினால், அழிக்காமல் அதைத் திரும்பப் பயன்படுத்த வழி இருக்காது. அவரது படங்கள் மேகத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. கூகுளும் ஆப்பிளும் இறந்தவரின் கணக்குக்காகக் குடும்பத்தினர் விண்ணப்பிக்கத் தனி வழி வைத்திருக்கின்றன. இறப்புச் சான்றிதழ் உள்ளிட்ட ஆவணங்கள் கேட்பார்கள், நாளும் ஆகும், கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஆனாலும் விண்ணப்பித்துப் பாருங்கள். அதுவரை அந்தப் போனை அணைத்து, சிம் கார்டோடு அப்படியே வைத்திருங்கள். சிம் இணைப்பு காலாவதியாகாமல் ரீசார்ஜ் செய்துவருவதும் அவசியம், கணக்கில் நுழைவதற்கான குறியீடு அந்த எண்ணுக்கு வரக்கூடும்.