பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவும் திரையிடலும்: ஏற்பாட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சர்வதேச உறவுகள் துறை நடத்தும் ஒரு பொதுச் சொற்பொழிவோ திரையிடலோ எடுபடாமல் போகும்போது, பழி பேச்சாளர் மீதோ, படத்தின் மீதோ, வராத மாணவர்கள் மீதோ விழுவது வழக்கம். ஆனால் பெரும்பாலான தவறுகள், நிகழ்ச்சி யாருக்காக, எந்தக் கேள்விக்காக என்று ஒருவரும் கேட்காமல் கலைந்த முதல் ஆலோசனைக் கூட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும். முதல் உலகப் போரில் உயிரிழந்த மாணவர்களின் நினைவாக 1919-ல் வேல்ஸின் அபரிஸ்ட்வித் நகரில் சர்வதேச அரசியலுக்கான முதல் பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது; போரையும் அமைதியையும் பற்றிய பேச்சு அமைச்சகங்களின் மூடிய அறைகளுக்கு வெளியே வரவேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்துக்கு உரியதே. அப்படித் தொடங்கிய ஒரு துறையின் பொது நிகழ்ச்சி, துறை ஆசிரியர்களே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் சடங்காகச் சுருங்கினால் அதை நடத்துவதில் பொருளில்லை.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். ‘மாறிவரும் உலக ஒழுங்கும் அதன் சவால்களும்’ என்ற தலைப்பு எந்த ஆண்டுக்கும், எந்தப் பேச்சாளருக்கும் பொருந்தும். அதனாலேயே யாரையும் வரவழைக்காது. ‘பொருளாதாரத் தடைகள் ஓர் அரசின் முடிவை மாற்றுகின்றனவா?’ என்று கேட்டால், வருபவர் ஏதோ ஒரு பதிலை மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்; பேச்சாளரும் ஒரு நிலைப்பாட்டை எடுத்தே தீரவேண்டும். பேச்சாளருக்கு அனுப்பும் கடிதத்தில் தேதியும் இடமும் மதிப்பூதியமும் இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவையில் முதலாண்டு மாணவர்கள் எத்தனை பங்கு இருப்பார்கள், ஊர் மக்கள் வருவார்களா, பேச்சு எத்தனை நிமிடம், பதிவு செய்யப்படுமா என்பவற்றைச் சொல்லாவிட்டால், அவர் சென்ற மாதம் ஆய்வு மாநாட்டில் வாசித்த கட்டுரையையே கொண்டுவந்து வாசிப்பார். குற்றம் அவருடையது அன்று. அவருக்குத் தெரிந்த அவை அதுதான்.

குழு விவாதங்களில் நேரக் கணக்கு தப்புவது ஏறத்தாழ உறுதி. தொண்ணூறு நிமிட நிகழ்ச்சியில் நான்கு பேர் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பேசினாலே அறுபது நிமிடம் ஆகிவிடும். வரவேற்புரை, ஒவ்வொருவரின் வாழ்க்கைக் குறிப்பு, நன்றியுரை, ஒருவர் கூடுதலாக எடுத்துக்கொள்ளும் ஏழெட்டு நிமிடம் ஆகியவற்றைக் கழித்தால் அவையோருக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். இருவர் போதும், மூவர் மிகுதி. யாரை அழைப்பது என்பதிலும் வழக்கமான ஒரு குறை உண்டு. ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரைப் பற்றி ஓய்வுபெற்ற தூதர், பாதுகாப்பு வல்லுநர், பேராசிரியர் என மூவர் பேசுவார்கள்; அந்த நாட்டில் வாழ்ந்தவர் ஒருவரும் மேடையில் இருக்கமாட்டார். இதைச் சரிசெய்வதாக எண்ணி, அந்நாட்டிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவரை முன்வரிசையில் உட்காரவைத்து, ‘உங்கள் நாட்டில் மக்கள் என்ன நினைக்கிறார்கள்?’ என்று ஒலிவாங்கியை நீட்டுவது அதைவிடப் பெரிய தவறு. ஒரு முழு நாட்டின் சார்பில் பேசும் கடமை அவருக்கு இல்லை. பேசினால் வரும் விளைவை ஏற்பாட்டாளர் சுமக்கப் போவதும் இல்லை.

பொது நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ‘இன்றைய கூட்டம் சாட்டம் ஹவுஸ் விதிப்படி நடக்கும்’ என்று நெறியாளர் கம்பீரமாக அறிவிப்பதைப் பார்க்க முடிகிறது. லண்டனிலுள்ள சாட்டம் ஹவுஸ் என்னும் சர்வதேச உறவுகள் ஆய்வு நிறுவனம் 1927-ல் வகுத்து, 1992-லும் 2002-லும் திருத்திய அந்த விதி ஒன்றே ஒன்றுதான்: கூட்டத்தில் கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம், ஆனால் அதைச் சொன்னவர் யார், எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர், உடன் இருந்தவர்கள் யார் என்பதை வெளியிடக் கூடாது. பேச்சாளரின் படத்தைப் போட்டுச் சுவரொட்டி ஒட்டி, இணையத்தில் நேரலையும் செய்யும் ஒரு கூட்டத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? பேச்சாளர் மனம் திறந்து பேச வேண்டுமானால், பொதுச் சொற்பொழிவுக்கு முன்போ பின்போ இருபது பேருடன் தனி அமர்வு ஒன்றை வைத்து, அதற்கு மட்டும் அந்த விதியைச் சொல்வதே முறை.

திரையிடல்களுக்கு வருவோம். இங்கே அடிப்படையான தவறு, படத்தைப் பாடத்துக்கான விளக்கப்படமாக நடத்துவது. ‘அல்ஜீரியப் போரைப் பற்றி இன்று ஒரு படம்’ என்று அறிவித்து, விளக்கை அணைத்து, முடிந்ததும் விளக்கைப் போட்டு, ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்டால், அவையோர் போரைப் பார்த்துவிட்டதாக நம்பிக்கொண்டு வீடு திரும்புவார்கள். இத்தாலிய இயக்குநர் ஜீல்லோ பொந்தெகோர்வோவின் 1966-ஆம் ஆண்டுப் படமான ‘அல்ஜியர்ஸ் போர்’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. மணல்மணலான கருப்பு வெள்ளைப் பிம்பம், கையில் பிடித்த கேமராவின் ஆட்டம், அறிவிப்புக் குரல் எல்லாம் சேர்ந்து செய்திப்படம் போலவே தோன்றுவதால், இதில் செய்திப்படச் சுருள் ஓரடிகூடப் பயன்படுத்தப்படவில்லை என்று அமெரிக்கத் திரையிடலில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த அல்ஜீரியக் கிளர்ச்சி இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான சாதி யாசெஃப் என்பவரின் நினைவுக்குறிப்புகளே கதைக்கு அடிப்படை. அவரே படத்தைத் தயாரித்தவர்களுள் ஒருவர். தம்மை ஒத்த பாத்திரத்தில் அவரே நடித்தும் இருக்கிறார். இவற்றைச் சொல்லாமல் படத்தைக் காட்டுவது, ஒரு தரப்பின் வாக்குமூலத்தைத் தீர்ப்பு என்று வாசித்துக் காட்டுவதாகும். சொன்னால் படத்தின் மதிப்பு குறையாது. எந்தக் காட்சி யாருடைய கண்ணால் எடுக்கப்பட்டது, பிரெஞ்சுத் தளபதிக்கு ஏன் அத்தனை தர்க்கபூர்வமான வசனங்கள் கொடுக்கப்பட்டன என்பன போன்ற கேள்விகள் அப்போதுதான் எழும்.

இதே படத்தை 2003-ல், ஈராக் ஆக்கிரமிப்பு தொடங்கிய சில மாதங்களில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் தலைமையகத்தில் அதிகாரிகளுக்குத் திரையிட்டது. விடுதலைப் போராட்டக்காரர்கள் போற்றிய ஒரு படத்தை, கிளர்ச்சியை ஒடுக்க வேண்டியவர்கள் எதற்காகப் பார்த்தார்கள் என்ற ஒரு கேள்வியே முழு நேரக் கலந்துரையாடலுக்குப் போதும். படத்துக்கும் ஒரு வெளியுறவு வரலாறு உண்டு என்பதை அறிமுகவுரை பெரும்பாலும் மறந்துவிடுகிறது. பிரெஞ்சு இயக்குநர் அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ நாஜி வதைமுகாம்களைப் பற்றியது. 1956-ல் மேற்கு ஜெர்மனி அரசு எதிர்ப்புத் தெரிவித்ததால் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவிலிருந்து அது விலக்கப்பட்டது. முகாம் ஒன்றில் காவல் நிற்கும் பிரெஞ்சுக் காவலரின் தொப்பி தெரியும் காட்சியைப் பிரெஞ்சுத் தணிக்கையாளர்கள் மறைக்கச் செய்தார்கள். அந்தத் தொப்பியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினால், நினைவும் அரசும் மோதும் இடம் எது என்பது மாணவருக்குப் புரிந்துவிடும். அறிமுகவுரையில் இயக்குநரின் விருதுப் பட்டியலை வாசிப்பதற்குப் பதிலாக இதைச் செய்யலாம்.

‘இரவும் மூடுபனியும்’ 32 நிமிடம்தான் என்பதும் கவனிக்கத்தக்கது. மாலை ஆறு மணிக்கு இரண்டரை மணி நேரப் படத்தைப் போட்டுவிட்டு, அதன்பின் பயனுள்ள விவாதம் நடக்கும் என எதிர்பார்ப்பது மனித இயல்பை அறியாத செயல். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் பெயர்ப் பட்டியல் ஓடும்போதே எழுந்துவிடுவார். நீளத்தைக் கணக்கிடும்போது எந்த வடிவம் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் 1965–66-ல் நடந்த படுகொலைகளைச் செய்தவர்களையே மையமாகக் கொண்ட, 2012-ல் வெளிவந்த ‘கொலைச் செயல்’ என்னும் ஆவணப்படத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேர வடிவமும் அதைவிட அரைமணிக்கு மேல் நீண்ட இயக்குநர் வடிவமும் உண்டு. எது வந்திருக்கிறது என்று பார்க்காமல் நேரம் குறித்தால், அரங்கைப் பூட்ட வரும் காவலாளி விவாதத்தை முடித்துவைப்பார்.

உரிமை பற்றிய தவறுகள் பெரும்பாலும் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. ‘கட்டணம் வாங்கவில்லையே’, ‘கல்விக்காகத்தானே’ என்ற இரண்டு வாதங்களும் தாமாகவே அனுமதி ஆகிவிடுவதில்லை. டிவிடி வட்டை விலைக்கு வாங்குவதும் ஓடிடி தளத்துக்குச் சந்தா கட்டுவதும் பொதுவாக வீட்டில் பார்ப்பதற்கான உரிமையை மட்டுமே தருகின்றன. அமெரிக்கச் சட்டத்தின் வகுப்பறை விலக்கு, இலாப நோக்கற்ற கல்வி நிறுவனத்தில் ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் கற்பித்தலுக்கு மட்டும் உரியது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கல்வி நிறுவனத்தில் படம் காட்டுவதை அனுமதித்தாலும், பார்வையாளர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனச் செயல்பாடுகளுடன் தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே ‘அனைவரும் வருக’ என்று சுவரொட்டியில் அச்சிட்ட கணத்திலேயே நிகழ்ச்சி அந்த வட்டத்தைத் தாண்டிவிடுகிறது. விநியோகஸ்தரிடம் பொதுத் திரையிடல் உரிமையை எழுத்தில் கேட்டுப் பெறுவதே வழி. பல ஆவணப்பட இயக்குநர்கள் பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த தொகைக்கே தருகிறார்கள். சில நூலகத் திரைப்படச் சேவைகள் எந்தப் படத்துக்குப் பொதுத் திரையிடல் உரிமை சேர்ந்திருக்கிறது என்பதைப் படத்தின் பக்கத்திலேயே குறித்திருக்கின்றன. நெட்ஃபிளிக்ஸ் தானே தயாரித்த சில ஆவணப்படங்களுக்கு நிபந்தனைகளுடன் கல்விசார் திரையிடலை அனுமதிக்கிறது. படத்துக்கு முன்கூட்டியே தணிக்கைச் சான்று வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும் தனிக் கேள்வி. பதிப்புரிமை அனுமதி கிடைத்துவிட்டால் அதுவும் தீர்ந்தது என்று கொள்ளக் கூடாது.

உரிமை கிடைத்தபின் கோப்பு வரும். அங்கே அடுத்த இடறல். திரையரங்குகளுக்கான டிசிபி (டிஜிட்டல் சினிமா தொகுப்பு) வடிவம் விரிவுரை அரங்கின் மடிக்கணினியில் அப்படியே ஓடாது. மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டதாக இருந்தால், குறிப்பிட்ட கருவிக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டும் செல்லும் டிஜிட்டல் திறவுகோலும் தேவை. சாதாரண வீடியோ கோப்பாக அனுப்பச் சொல்லி முன்பே கேட்டுவிட வேண்டும். துணைத்தலைப்பு தனிக் கோப்பாக வந்தால் அது பல மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும். இல்லையென்றால் தமிழும் அரபியும் கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் திரையில் ஓடும். சோதனை ஓட்டத்தின்போது முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் நடுவிலும் இறுதியிலும் நிறுத்திப் பார்த்தால், வசனத்துக்கு நான்கு வினாடி பின்தங்கி வரும் எழுத்து அன்றைக்கே அகப்படும். சமதளத் தரை கொண்ட அரங்கில், ஐந்தாம் வரிசையில் ஒருவர் உட்கார்ந்து திரையின் அடிப்பகுதி தெரிகிறதா என்றும் பார்க்கட்டும். மொழி தெரியாத படத்தில் துணைத்தலைப்பின் கீழ்வரி முன்னால் இருப்பவரின் தலைக்குப் பின்னால் போய்விட்டால், படத்தில் பாதி போய்விட்டது.

கேள்வி நேரத்தை ‘மீதமுள்ள நேரம்’ என்று கருதுவது பேச்சுக்கும் படத்துக்கும் பொதுவான குறை. 2018-ல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, பத்து நாடுகளில் 247 கருத்தரங்குகளைக் கவனித்து, பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்கிறார்கள் என்றும், முதல் கேள்வியை ஆண் கேட்ட அமர்வுகளில் அந்த இடைவெளி அதிகம் என்றும் கண்டது. அங்கே கவனிக்கப்பட்டவை துறைக் கருத்தரங்குகள். ஆயினும் நெறியாளரின் கண் முதலில் எந்தக் கையில் விழுகிறது என்பது பொது அவையிலும் சின்ன விஷயமாக இருக்க முடியாது. முதலில் உயரும் கை பெரும்பாலும் கேள்வி கேட்பதற்காக உயர்வதில்லை; தமது உரையை ஆற்றுவதற்காக உயர்கிறது. படம் முடிந்ததும் மூன்று நிமிடம் பக்கத்தில் இருப்பவருடன் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பிறகு கேள்விகளை ஏற்றால், முதல் கை மாறும். வன்முறைக் காட்சிகள் நிறைந்த படத்துக்குப் பிறகு இந்த இடைவெளி மரியாதையும்கூட.

தொலைவிலிருந்து இணையம் வழியாகப் பேசுபவருக்கு ‘மாலை ஐந்து மணி’ என்று மட்டும் எழுதாமல் இரண்டு ஊர்களின் நேரத்தையும் குறிப்பிட வேண்டும். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும் ஐரோப்பா அதே மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தை மாற்றுவதால், இடைப்பட்ட வாரங்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் உள்ள வேறுபாடு ஐந்து மணி நேரத்துக்குப் பதில் நான்காகிவிடும். சுவரொட்டியில் நிலப்படம் போடுகிறவர்கள் எல்லைக்கோடு எங்கே கிடக்கிறது என்பதை ஒருமுறை பார்ப்பது நல்லது. பேச்சே தொடங்காத நிலையில் தகராறு அங்கிருந்து கிளம்பும்.

ஒளிப்பதிவுதான் எல்லாவற்றையும்விட அலட்சியமாகக் கையாளப்படுகிறது. மேலே சொன்ன இந்தோனேசிய ஆவணப்படத்தின் இறுதிப் பட்டியலில், இணை இயக்குநர் ஒருவர் உட்பட உள்ளூர்ப் பணியாளர்கள் பலர், பாதுகாப்புக் கருதிப் ‘பெயரிலி’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறார்கள். அத்தகைய படத்தைத் திரையிட்டுவிட்டு, பின்னர் எழுந்து கேள்வி கேட்ட மாணவரின் முகத்தையும் பெயரையும் பல்கலைக்கழகத்தின் யூடியூப் தடத்தில் ஏற்றுவது முரண். தம் நாட்டு அரசைப் பற்றி அவர் கேட்ட ஒரு கேள்வி, விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் அவருக்கு முன்னால் வைக்கப்படலாம். ஊரில் இருக்கும் பெற்றோரைத் தேடியும் யாரேனும் போகலாம். பேச்சாளரின் ஒப்புதல் பேச்சுக்கு மட்டுமே உரியது. அவர் காட்டிய படத்துணுக்குகளுக்கும் அவையோரின் குரலுக்கும் அது நீளாது. கேமராவைப் பேச்சு முடிந்ததும் நிறுத்திவிட்டு, நிறுத்தியதை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். வருகைப் பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் வாங்கியிருந்தால், அது யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் அதே தாளின் மேல்பகுதியில் அச்சிட்டுவிட வேண்டும்.