எல்லை தாண்டும் முன் கார் டயரைச் சோதித்தல்: உள் விளிம்பில்தான் விஷயம் இருக்கிறது

சொந்தக் காரிலேயே எல்லை கடந்து வேற்று நாட்டுக்குப் போவதென்று முடிவானதும், காப்பீட்டுத் தாள்களையும் பதிவு ஆவணங்களையும் திரட்டுவதிலேயே என் கவனம் முழுவதும் போய்விட்டது. டயர்களை நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியடைந்தேன். புறப்பட மூன்று நாள் இருக்கையில், பிரேக் வேலைக்காகக் காரைத் தூக்கி நிறுத்திய மெக்கானிக் முன்சக்கரத்தின் பின்னால் விளக்கடித்துக் காட்டினார். வெளிப்பக்கம் புதிது போலிருந்த அதே டயரின் உள் விளிம்பு, இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி இழை மினுங்கியது. அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். ஜாக்கி வைக்கவும் நட்டு கழற்றவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் படி, நாள் குறிப்பது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே சோதனையைத் தொடங்கிவிடுங்கள். உங்கள் அளவு டயர் கடையில் இல்லாமல் வரவழைக்க நேரலாம். தேய்மானத்துக்குக் காரணமான பழுதைச் சரிசெய்யவும் நாள் வேண்டும். தவிர, வார்ப்பிலிருந்து பிரிப்பதற்காகத் தடவப்படும் பூச்சு புது டயரின் மேற்பரப்பில் கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்பதால், முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டியிருக்கும். அதை ஊருக்குள்ளேயே முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது படி, பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தின் ஆழத்தை அளப்பது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் கார் டயருக்குச் சட்டப்படி 1.6 மி.மீ. ஆழம் இருந்தாக வேண்டும். டயர் அகலத்தின் நடு முக்கால் பாகத்தில், சுற்றளவு முழுவதிலும் அது இருக்க வேண்டும். முதன்மைப் பள்ளங்களின் அடியில் குறுக்காக ஓடும் சிறு ரப்பர் மேடுகள் இதே அளவில்தான் வார்க்கப்பட்டிருக்கின்றன. மேற்பரப்பு அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சில டயர்களில் கல் சிக்காமலிருப்பதற்கென்று வேறு சிறு மேடுகளும் இருக்கும் என்பதால், பக்கச்சுவரின் மேல்விளிம்பில் உள்ள முக்கோணத்தையோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளையோ கண்டுபிடித்து, அதற்கு நேர் உள்ளே இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். நாணயத்தைச் செருகிப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. மின்னணு அளவியைவிட, பேட்டரி தேவைப்படாத சாதாரண ஆழ அளவியையே விரும்புகிறேன். உள், நடு, வெளி என மூன்று இடங்களில் அளந்து, காரைச் சற்று உருட்டி, மறுபடியும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கேனும் 3 மி.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால், சட்டம் அனுமதித்தாலும், நெடும்பயணத்துக்கு முன் நான் அதை மாற்றிவிடுவேன். ஆழம் குறையக் குறைய ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் கூடும்.

மூன்றாவது படிதான் என்னைக் கவிழ்த்தது. காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கை இடப்பக்கம் கடைசிவரை திருப்புங்கள். இப்போது இடச் சக்கரத்தை முன்னாலிருந்தும் வலச் சக்கரத்தைப் பின்னாலிருந்தும் பார்த்தால் உள் விளிம்பு வரை தெரியும். காரை அரைச் சுற்று உருட்டி, மறுபடியும் பாருங்கள். என் டயரில் கம்பி தெரிந்தது உள்ளங்கையளவு இடத்தில் மட்டும்தான், அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்காது. பின்சக்கரங்கள் திரும்பாது என்பதால், கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு, அதைத் தரையோடு டயருக்குப் பின்னால் நீட்டி வீடியோ எடுத்துப் பார்ப்பேன். ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்; கண்ணால் பார்க்காத இடத்தை வெறுங்கையால் தடவாதீர்கள், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி விரலைக் கிழித்துவிடும்.

தேய்ந்த இடமே காரணத்தைச் சொல்லிவிடும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கோளாறு. இரு விளிம்பும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடைச் சமநிலை) பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைக் களையாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில் தேயும்.

பக்கச்சுவரில் சிறு புடைப்பு இருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது என்று பொருள். அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. வயதை அறிய, டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஸ்டெப்னியையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது ஒல்லியான தற்காலிகச் சக்கரமாக இருந்தால் பெரும்பாலும் மணிக்கு 80 கி.மீ. வேக வரம்பு அதன்மீதே எழுதியிருக்கும்.

அடுத்து, மாற்றுவது. பக்கச்சுவரில் 205/55 ஆர்16 91வி என்றிருந்தால், 91 என்பது அந்த டயர் தாங்கும் 615 கிலோ எடையையும், வி என்பது மணிக்கு 240 கி.மீ. வேகத்தையும் குறிக்கும், கார் நிறுவனம் சொன்னதற்குக் கீழான குறியீட்டை மலிவுக்காக ஏற்காதீர்கள். இரண்டை மட்டும் மாற்றுவதானால் புதியவற்றைப் பின்னச்சில் போடச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் முன்னால்தானே போட வேண்டும் என்று பலரும் வாதிடுவார்கள். ஆனால் ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். குளிர்கால டயருக்கு ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல் எம்+எஸ் (சேறும் பனியும்) குறி மட்டும் போதாது, மூன்று முகட்டு மலைக்குள் பனித்துகள் உள்ள சின்னம் வேண்டும். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலை பனி படர்ந்திருக்கும்போது குளிர்கால டயர் கட்டாயம். அந்தக் குளிர்கால டயர் ரேடியல் வகையானால் (அளவில் ஆர் என்று குறித்திருக்கும்) 4 மி.மீ. ஆழம் வேண்டும் என்பதால் 1.6 கணக்கு அங்கே உதவாது.

பொருத்தும்போது புது வால்வு, பேலன்சிங், சுழற்சி அம்பின் திசை ஆகியவற்றை அருகில் நின்றே கவனியுங்கள். அலைன்மென்ட் செய்தபின், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் சரிபார்ப்பது அவசியம்.

பிற்சேர்க்கை: டயர் மாற்றிய பிறகும் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அணையவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். காற்றை நிரப்பியபின், பல கார்களில் மெனுவுக்குள் சென்று புதிய அழுத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். முழுச் சுமைக்கான அழுத்தம் பெரும்பாலும் ஓட்டுநர் கதவு நிலையிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். வேற்று நாட்டுக் காற்று மீட்டர் ‘பார்’ என்ற அலகில் காட்டினால், 2.2 பார் என்பது ஏறத்தாழ 32 பி.எஸ்.ஐ. என்று நினைவில் கொள்ளுங்கள்.

இன்னொருவர், பாதி வழியில் பஞ்சரானபோதுதான் பூட்டு நட்டின் (திருட்டைத் தடுக்கச் சக்கரத்தில் போடும் தனி நட்டு) சாவி டயர் கடையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது என்று எழுதியிருந்தார். கடையை விட்டுக் கிளம்பும் முன் அந்தச் சாவியைக் கையில் வாங்கி, நட்டில் பொருத்திப் பார்த்து, ஸ்டெப்னியோடு வைத்துவிடுங்கள்.