அடியிலை கருகல்: குறை பொட்டாஷில்

நட்ட 40ஆம் நாள் சம்பா நெல்லில் அடியிலைகள் நுனியிலிருந்து ஓரமாகப் பழுத்துக் கருகின, துருப்புள்ளிகள் வேறு. துத்தநாகக் குறை என்று ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட், பிறகு புள்ளி நோய் மருந்து. பத்து நாள் வீண்.

போன வருடம் வைக்கோல் போர் நின்ற வட்டம் மட்டும் கரும்பச்சையாக இருந்தது! பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. மழை பட்டால் கரைந்து மண்ணில் இறங்கும். நாமோ ஐந்து வருடமாக வைக்கோலைக் கட்டி விற்றுவிட்டு யூரியா, டிஏபி மட்டும் போட்டோம். டிஏபியில் சாம்பல் சத்து, அதாவது பொட்டாசியம், துளியும் கிடையாது.

தண்ணீரை வடித்து ஏக்கருக்கு 25 கிலோ பொட்டாஷ் உரம் வீசினேன். கருகிய இலை தேறாது, புது இலையைத்தான் பார்க்க வேண்டும். அது சுத்தமாக வந்தது. இப்போது பொட்டாஷில் பாதி அடியுரம், பாதி கதிர் உருவாகும்போது. வைக்கோலில் பாதியை மடக்கி உழுதுவிடுகிறோம்.