பட்டத்தோடு கனடா போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியேற்ற விண்ணப்பத்துக்காக வாங்கிய கல்வி மதிப்பீட்டு அறிக்கையைத் தொழில் உரிமமாகவே நினைத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. உங்கள் பட்டம் கனடாவின் எந்தப் பட்டத்துக்கு இணை என்பதை மட்டுமே அது சொல்கிறது. மருத்துவர், பொறியாளர், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்கு உரிமம் கொடுப்பது அந்தந்த மாகாணத்தின் ஒழுங்குமுறை அமைப்பு. ஆகவே சித்தப்பா வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் மாகாணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆவணங்களை 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுவது அடுத்தது. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்தே நேரடியாக வரவேண்டும் என்று கேட்பார்கள். டொராண்டோவில் உட்கார்ந்துகொண்டு தேர்வுத்துறை எழுத்தரைத் தொலைபேசியில் பிடிப்பது எளிதல்ல. நம்மவர்களுக்குக் கூடவே இனிஷியல் தொல்லையும் உண்டு. பட்டத்தில் 'ஆர். குமார்', பாஸ்போர்ட்டில் 'குமார் ராமசாமி' என்றிருந்தால், கோப்பைப் பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற பிரமாணப் பத்திரத்தை ஊரிலேயே நோட்டரியிடம் வாங்கிவிடுங்கள்.

'கனடா அனுபவம் இல்லாமல் ஒன்றும் நடக்காது' என்று முன்னே போனவர்கள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். ஒன்டாரியோ மாகாணத்தின் பொறியாளர் உரிம அமைப்பு, கனடாவில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒன்டாரியோ நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அதைக் கேட்கவும் கூடாது. விளம்பரத்தில் கேட்காதவர் மனத்துக்குள் கேட்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சென்னையில் செய்த வேலையும் அங்கே பொறியாளர் உரிமத்துக்குக் கணக்கில் வரும். அதை உறுதிசெய்ய உங்களை மேற்பார்த்தவர் வேண்டும். பழைய மேலாளரோடு சண்டை போட்டுவிட்டு விமானம் ஏறாதீர்கள்.

வந்ததும் கிடங்கிலோ டாக்சியிலோ வேலை பார்ப்பதில் குறைவு ஒன்றுமில்லை, வாடகை கட்டியாக வேண்டுமே. ஆறு நாளும் இரவுப் பணியாக ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து, படிக்க நேரம் இருக்காது. மருத்துவர்களுக்கு இது இன்னும் கொடுமை. கடைசியாக எப்போது நோயாளியைப் பார்த்தீர்கள் என்பதும் அங்கே கணக்கில் வரும். கனடா மருத்துவக் கவுன்சிலின் முதல் தேர்வை அந்த நாட்டுக்கு வெளியிலும் எழுதலாம் என்பதால், ஊரில் பணியில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது. அதில் தேறினாலும் பயிற்சி மருத்துவர் இடத்துக்குக் கடும் போட்டி உண்டு. மாற்று வழி ஒன்றையும் யோசித்து வையுங்கள்.

பயோடேட்டாவில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, புகைப்படம் எதுவும் வேண்டாம். இரண்டு பக்கம் போதும்.