13,96,296: ஒரு பெரிய எண்ணைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

பெரிய முழு எண் ஒன்றின் பண்புகளைத் தனித்தனியே தேடி அலைய வேண்டாம். பகாக் காரணிகளாகப் பிரித்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும். 13,96,296-ஐ எடுத்துக்கொள்வோம்.

வகுக்கத் தொடங்கும் முன் இலக்கங்களைப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கங்கள் 296. அது 8-ஆல் வகுபடுகிறது. 1000-ம் 8-இன் மடங்கு என்பதால் முழு எண்ணும் வகுபடும். கடைசி நான்கு இலக்கங்களான 6296, 16-ஆல் வகுபடாது. ஆகவே 2³-உடன் சரி. இலக்கங்களின் கூடுதல் 36, எனவே 9-ஆல் வகுபடும். வலப்பக்கத்திலிருந்து 6−9+2−6+9−3+1 = 0, எனவே 11-ஆலும் வகுபடும்.

8, 9, 11 எதற்கும் எதனோடும் பொதுக் காரணி இல்லை. அதனால் பெருக்கி, 792-ஆல் ஒரேயடியாக வகுக்கலாம். 4, 6 போன்ற ஜோடிக்கு இது செல்லாது: 12 என்பது 4, 6 இரண்டாலும் வகுபடும், 24-ஆல் வகுபடாது.

ஈவு 1763. பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். 3 முதல் 37 வரை எந்தப் பகா எண்ணாலும் இது வகுபடாது. சலிப்பில் "இது பகா எண்" என்று எழுதிவிடத் தோன்றும். வர்க்கமூலம் வரை சோதிக்காமல் அப்படி முடிவு கட்டவே கூடாது. 1763-இன் வர்க்கமூலம் 42-க்கு மயிரிழை குறைவு, ஆகவே 41 இன்னும் பாக்கி. 41 × 43 = 1763!

இதற்குக் குறுக்குவழியும் உண்டு, பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மாவின் முறை. வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணை வர்க்கப்படுத்துங்கள்: 42² = 1764. அதில் 1763 போக மிச்சம் 1, அதுவும் ஒரு முழு வர்க்கம். எனவே 1763 = 42² − 1² = (42−1)(42+1). இரு காரணிகளும் அருகருகே இருந்தால் மட்டுமே இது சட்டென்று பலிக்கும். தள்ளி இருந்தால் வெகுநேரம் இழுக்கும்.

ஆக, 13,96,296 = 2³ × 3² × 11 × 41 × 43.

காரணிகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 4×3×2×2×2 = 96. அந்த 1, அந்தப் பகா எண்ணையே எடுக்காமல் விடும் வாய்ப்புக்கானது. அதை மறந்தால் வெறும் 6 என்று வரும். காரணிகளின் கூடுதலுக்கு, ஒவ்வொரு பகா எண்ணின் அடுக்குகளையும் 1-உடன் கூட்டி (1+2+4+8 = 15, 1+3+9 = 13, 1+11 = 12 என்று) பெருக்குங்கள்: 15×13×12×42×44 = 43,24,320. இதிலிருந்து எண்ணையே கழித்தாலும் 29,28,024 மிஞ்சுகிறது. எண்ணைவிட அதிகம், எனவே இது மிகை எண்.

2, 11, 41, 43 ஆகியவற்றின் அடுக்குகள் ஒற்றைப்படை என்பதால் இது முழு வர்க்கமல்ல. கடைசி இலக்கம் 6 என்பதை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். முழு வர்க்கமாக்கப் பெருக்க வேண்டிய மிகச்சிறிய எண் 2×11×41×43 = 38,786.

கணினியில் சரிபார்ப்பதானால், எக்செல் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் உள்ளவற்றைப் பூஜ்யமாக்கிவிடும். அதைவிட நீண்ட எண்ணுக்குப் பைதான் நிரல்மொழியில் % குறி கொண்டு மீதியைப் பாருங்கள். அங்கும் / போட்டால் தசமமாகி, கடைசி இலக்கங்கள் தொலையும்.